மோட்டிவேஷன் இல்லை என்றால், எது இல்லை?

பெங்களூரில் கல்லூரியில் சேர்ந்த பிள்ளை இரண்டாவது செமஸ்டரில் வீட்டுக்குப் போன் போட்டு, "எனக்கு இது வேண்டாம்ப்பா, நின்னுடறேன்" என்று சொன்னால், வீட்டில் காரணங்கள் ரெடியாக இருக்கும். சோம்பேறித்தனம், மொபைல், சேர்க்கை சரியில்லை. சித்தப்பா ஒருவர் இருந்தால் "காதல் விவகாரமா இருக்கும், விசாரிங்க" என்பார். கல்லூரியில் கேட்டால் கொஞ்சம் நாகரிகமாக, "மோட்டிவேஷன் இல்லை" என்பார்கள். அடுத்த வாரமே ஆடிட்டோரியத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து இரண்டு மணி நேரம் பேசுவார். கைதட்டல், சால்வை, மைசூர் பேட்டா தலைப்பாகை, குரூப் போட்டோ.

இத்தனை பதில்களுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது. மோட்டிவேஷன் என்பது ஆளுக்குள் இருக்கும் ஒரு சரக்கு. சிலருக்கு நிறைய, சிலருக்குக் கொஞ்சம். குறைந்தால் வெளியிலிருந்து ஊற்றலாம் என்ற நம்பிக்கை. உளவியலில் ஐம்பது வருடங்களுக்கு மேலாக இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். அதை முதலாண்டு மாணவருக்கும் அவரைப் பெற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

## டேங்கரும் போர்வெல்லும்

2024 கோடையில் பெங்களூரில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போர்வெல் வற்றிவிட்டது. டேங்கர் லாரிக்குப் போன் மேல் போன். வந்து சம்ப்பில் ஊற்றிவிட்டுப் போனால் இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் மறுபடி போன். ஏரியை மூடி லேஅவுட் போட்டு, முற்றம் வரைக்கும் சிமென்ட் பூசி, மழைத்தண்ணீர் மண்ணில் இறங்க ஒரு சாண் இடம் விடாமல் செய்துவிட்டால் நிலத்தடி நீர் எங்கிருந்து ஊறும்? ஆனால் "இந்தப் போர்வெல் ஏன் இவ்வளவு சோம்பேறியாக இருக்கிறது?" என்று யாரும் கேட்டதில்லை.

மாணவர் விஷயத்தில் மட்டும் அப்படித்தான் கேட்கிறோம். மேடைப் பேச்சு டேங்கர் லாரி. கேட்ட அன்று உடம்பு சிலிர்க்கும், அது பொய்யில்லை. ஆனால் அது ஊற்று இல்லை. ஊற வேண்டுமென்றால் சுற்றிலும் சில நிலைமைகள் இருக்க வேண்டும். என்னென்ன நிலைமைகள் என்பதுதான் இனி வரப்போவது.

மோட்டிவேஷனை இனி உந்துதல் என்று சொல்கிறேன். ஒரு வேலையைத் தொடங்கவும், சிரமம் வந்த பிறகும் விடாமல் தொடரவும் ஒருவருக்கு இருக்கும் காரணங்கள்தான் உந்துதல். எவ்வளவு காரணம் இருக்கிறது என்பதைவிட, எந்த மாதிரிக் காரணம் என்பதுதான் முக்கியம்.

## காசு கொடுத்தால் ஆர்வம் கூடுமா?

1971இல் எட்வர்ட் டீசி என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களிடம் சோமா என்ற கட்டைப் புதிரைக் கொடுத்தார். சுவாரசியமான விளையாட்டு, சும்மா கொடுத்தாலே கையில் எடுப்பார்கள். நடுவில் ஒரு நாள் மட்டும், ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர் கொடுத்தார். அடுத்த முறை காசு கிடையாது. ஆய்வாளர் ஏதோ சாக்குச் சொல்லிச் சில நிமிடங்கள் வெளியே போய்விட, அறையில் பத்திரிகைகளும் கிடந்தன. அந்த நேரத்தில் யார் தானாகவே புதிரை எடுக்கிறார்கள் என்பதுதான் அளவுகோல். முதல் முறையோடு ஒப்பிட்டால், காசு வாங்கிப் பழகியவர்கள் புதிரைத் தொட்ட நேரம் குறைந்துபோயிருந்தது.

1973இல் மார்க் லெப்பரும் சகாக்களும் நர்சரிப் பிள்ளைகளிடம் இதே போன்ற ஒன்றைப் பார்த்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவது அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பிடிக்கும். "வரைந்தால் சர்டிபிகேட்" என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தவர்கள், சில நாள் கழித்து மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் தாமாக வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சர்டிபிகேட் கொடுத்த பிள்ளைகளுக்கு அந்தச் சரிவு இல்லை. ஆக, பரிசு கெடுதல் இல்லை. "இதைச் செய்தால் அது" என்ற பேரம்தான் ஆர்வத்தைத் தின்கிறது. நல்ல மார்க் எடுத்தால் பைக் என்று பேசி முடித்த வீடுகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதிலிருந்து வளர்ந்ததுதான் டீசியும் ரிச்சர்ட் ரயனும் சேர்ந்து உருவாக்கிய சுயநிர்ணயக் கோட்பாடு. உந்துதலில் பல வகை உண்டு என்கிறது அது. வேலையே பிடித்திருப்பதால் செய்வது உள்ளார்ந்த உந்துதல். மார்க், சம்பளம், திட்டு ஆகியவற்றுக்காகச் செய்வது வெளி உந்துதல். இரண்டுக்கும் நடுவில் சில படிகள் இருக்கின்றன, இங்கே இரண்டைப் பார்ப்போம். நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் அந்த நடுப்பகுதியில்தான்.

ஒரு படியில், வேலை பிடிக்காவிட்டாலும் அதன் பயனை நாமே ஒப்புக்கொண்டு செய்கிறோம். "கணக்கு போர்தான், ஆனால் மெஷின் லேர்னிங் பக்கம் போக எனக்கு அது வேண்டும்" என்பது இந்த வகை. இதை ஏற்றுக்கொண்ட உந்துதல் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் எல்லாப் பாடமும் இனிக்க வேண்டியதில்லை. கல்லூரியை முடித்தவர்களில் பலர் இதை வைத்துத்தான் முடித்திருக்கிறார்கள்.

இன்னொரு படியில், வெளியே இருந்த பிரம்பு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். யாரும் அடிப்பதில்லை, ஆனால் குற்ற உணர்வு அடிக்கிறது. "அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டினார்." "அக்கா படிப்பை நிறுத்தித்தான் என்னைச் சேர்த்தார்கள்." இதைத் திணித்த உந்துதல் எனலாம். வெளியிலிருந்து பார்த்தால் பிரமாதமான மாணவர்: காலையில் எழுவார், வகுப்புக்குப் போவார், ரெக்கார்டு நோட்டை நேரத்துக்கு எழுதுவார். ஆனால் இந்த வகை உந்துதல் பதற்றத்தோடுதான் ஓடும். முதல் தோல்வி வந்ததும் அந்தக் குற்ற உணர்வே புத்தகத்தைத் திறக்க விடாது. திறந்தால் அப்பா முகம் தெரியும், அதனால் ரீல்ஸைத் திறக்கிறார். வீட்டில் அதைப் பார்த்து மொபைல்தான் காரணம் என்கிறார்கள். தியாகக் கதையை வாரா வாரம் போனில் நினைவூட்டுவது பிள்ளைக்கு உறைக்கும் என்று நினைக்கிற பெற்றோர் நிறைய. உறைக்கத்தான் செய்கிறது. படிப்பில் உறைப்பதில்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: உந்துதல் ஒரே சரக்கு இல்லை. பிடித்துச் செய்வதும், பயன் தெரிந்து செய்வதும் நீடிக்கும். பேரத்துக்கும் குற்ற உணர்வுக்கும் செய்வது ஓடுகிற மாதிரி தெரிந்து திடீரென்று நிற்கும்.

## ஊற்றுக்கு வேண்டிய மூன்று

வெளியிலிருந்து வந்த காரணம் மெல்ல நம்முடையதாக மாற, மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறது சுயநிர்ணயக் கோட்பாடு. நான் தேர்ந்த பாதை இது என்ற உணர்வு, இது தன்முடிவு. என்னால் முடியும், தேறிவருகிறேன் என்ற உணர்வு, இது திறனுணர்வு. இங்கே எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள், நான் இந்த இடத்தைச் சேர்ந்தவன் என்ற உணர்வு, இது உறவு. மூன்றில் ஒன்று அடைபட்டாலும் ஊற்று மெலியும்.

தன்முடிவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்த கதை. பிராஞ்ச்சை மாமா முடிவு செய்தார், கல்லூரியைக் கன்சல்டன்சிக்காரர் முடிவு செய்தார், ஹாஸ்டலா பிஜியா (பேயிங் கெஸ்ட் விடுதியா) என்பதை அம்மா முடிவு செய்தார். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன்முடிவு என்றால் இஷ்டத்துக்கு ஆடுவது இல்லை. வேறொருவர் காட்டிய வழியையும் காரணம் புரிந்து ஏற்றுக்கொண்டால் அதுவும் தன்முடிவுதான். எலக்டிவ் பாடம், மினி புராஜெக்ட் தலைப்பு, எதை முதலில் படிப்பது என்பது போன்ற சின்னத் தேர்வுகள்கூட இந்த உணர்வைக் கொஞ்சம் மீட்டுக் கொடுக்கும்.

## பள்ளியில் முதலிடம், இங்கே?

திறனுணர்வில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், அதுவும் நன்றாகப் படித்தவர்கள். ஓசூரிலோ தருமபுரியிலோ பிளஸ் டூவில் பள்ளியின் முதல் மூன்று பேரில் ஒருவராக இருந்தவர் பெங்களூர் பொறியியல் கல்லூரியில் வந்து உட்கார்கிறார். சுற்றி இருக்கும் எல்லோருமே தத்தம் பள்ளியில் முதல் மூன்று. முதல் இன்டர்னல்ஸில், அதாவது கல்லூரியே நடத்தும் தேர்வில், ஐம்பதுக்குப் பதினாறு. அவர் அறிவு ஒரு கிராம்கூடக் குறையவில்லை, ஒப்பிடும் கூட்டம்தான் மாறியிருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதில் அதை அப்படிப் பார்க்கத் தெரியாது. "நான் இதற்கு லாயக்கில்லை" என்றுதான் தோன்றும்.

படிக்கும் முறையும் மாறுகிறது. பள்ளியில் புத்தகத்துக்குப் பின்னால் உள்ள கேள்விகளை நெட்டுரு போட்டால் மார்க் வரும். தினமும் டெஸ்ட், தினமும் திருத்திய தாள். இங்கே இன்டர்னல்ஸை விட்டால் வருடத்துக்கு இரண்டே முறை ரிசல்ட். நடுவில் நாம் தேறுகிறோமா மூழ்குகிறோமா என்று யாரும் சொல்வதில்லை. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவருக்கு இன்னொரு அடுக்கு: சந்தேகம் பாடத்திலா ஆங்கிலத்திலா என்றே பிரித்தறிய முடியாமல், கேட்காமலே விட்டுவிடுவார்.

"என்னால் இதைச் செய்ய முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை 1977இல் ஆல்பர்ட் பண்டுரா எழுதினார். மற்றவர் தட்டிக்கொடுப்பதும் உதவும், நம்மைப் போன்ற ஒருவர் ஜெயிப்பதைப் பார்ப்பதும் உதவும். ஆனால் இருப்பதிலேயே வலுவான ஊற்று, நாமே செய்து முடித்த அனுபவம். "உன்னால் முடியும்" என்று நூறு முறை சொல்வதைவிட, உண்மையிலேயே முடிந்த ஒரு காரியம் அதிகம் வேலை செய்யும்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவருவது கஷ்டமில்லை. விடியு என்று இங்கே எல்லோரும் சொல்லும் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொதுவாக ஒரு பாடம் ஐந்து மாட்யூல்களாக இருக்கும். தேர்விலும் மாட்யூலுக்கு ஒரு முழுக் கேள்வி. "கணக்கில் பேக்லாக்", அதாவது அரியர், என்பது மலை மாதிரி தெரியும். ஒரே ஒரு மாட்யூலை எடுத்து, பழைய கேள்வித்தாள்களிலிருந்து அந்த மாட்யூல் கேள்விகளை மட்டும் போட்டுப் பார்த்து, நான்காவது தாளில் திணறாமல் எழுதிவிட்டால் அது பண்டுரா சொன்ன அனுபவம். மனநிலை சரியான பிறகு படிக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று: பெரும்பாலும் வரிசை தலைகீழ். சின்னதாக ஒன்று முடிந்த பிறகுதான் மனநிலை வரும்.

## ஐந்து மணிக்குப் பிறகு நடக்கும் கல்லூரி

வின்சென்ட் டின்டோ 1975இல் ஒரு மாதிரியை முன்வைத்தார். படிப்பை நடுவில் விடுபவர்களைப் பற்றிய ஆய்வுகள் பல அதற்குப் பிறகு அதைத் தொட்டுத்தான் போகின்றன. ஒரு மாணவர் இரண்டு விதத்தில் கல்லூரியோடு ஒட்ட வேண்டும் என்றார் அவர். ஒன்று பாடத்தோடு, மற்றொன்று மனிதர்களோடு, அதாவது நண்பர்கள், ஆசிரியர்கள், கல்லூரி வாழ்க்கை. இரண்டும் தளர்ந்தால் விலகும் எண்ணம் வரும்.

இதைப் பெங்களூரில் பார்க்க வேண்டுமென்றால் கோலார் தங்கவயல் ரயிலைப் பார்க்கலாம். 2001இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஏராளமானோருக்குப் பெங்களூர்தான் பிழைப்பு. மாரிகுப்பத்தில் கிளம்பும் வண்டியில் வேலைக்குப் போகிறவர்களோடு கல்லூரிப் பிள்ளைகளும் வருகிறார்கள். போக வர நான்கு மணி நேரத்துக்கு மேல். கடைசி வகுப்பு முடிந்ததும் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும். ஆனால் கல்லூரியில் நட்பு உருவாவதே ஐந்து மணிக்குப் பிறகுதான்: ஃபெஸ்ட் ரிகர்சல், டீக்கடை, லேபில் சும்மா உட்கார்ந்திருப்பது. எந்தப் பேராசிரியர் எந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார் என்ற தகவலும் அங்கேதான் கைமாறுகிறது. அந்த ரயிலில் வந்து போகும் பெண்ணுக்கு வகுப்புத் தோழிகள் இருப்பார்கள், கூட்டாளிகள் இருக்க மாட்டார்கள்.

பிஜியில் தங்கியிருப்பவருக்கு வேறு மாதிரித் தனிமை. அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. சேலத்திலிருந்து வந்தவருக்குக் கண்டக்டரிடம் பேசவே தயக்கம். இருவரும் தமிழர்கள்தான், ஆனால் ஒருவருக்கு இது ஊர், மற்றவருக்கு இது தங்குமிடம்.

டின்டோவின் ஆரம்ப மாதிரியைப் பின்னால் பலர் விமர்சித்தார்கள். வீட்டையும் பழைய உறவுகளையும் ஓரளவு விட்டு வந்தால்தான் கல்லூரியோடு ஒட்ட முடியும் என்று அது எடுத்துக்கொள்கிறது. வீட்டிலிருந்தே வந்து போகிறவர்களுக்கு அது சரியாகப் பொருந்தாது. நியாயமான விமர்சனம். தங்கவயல் பெண்ணை நிமிர்த்தி வைத்திருப்பது பல நேரம் அந்த வீடும் ரயில் பெட்டியில் கூட வருபவர்களும்தான்.

உறவு என்பது நண்பர்களின் எண்ணிக்கை மட்டுமில்லை. கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் முதலாண்டு மாணவர்களுக்குச் சீனியர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். "ஆரம்பத்தில் எங்களுக்கும் இங்கே ஒட்டவில்லை, எல்லோருக்கும் அப்படித்தான், போகப் போகச் சரியானது" என்பதுதான் அவற்றின் சாரம். ஒரு மணி நேர வேலை. கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்து, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. இந்த மேடைப் பேச்சுக் கலாச்சாரத்தில் எனக்கு உள்ள பெரிய குறையே இதுதான். ஜெயித்தவரை மட்டும் மேடையேற்றுகிறார்கள். முதல் வருடம் மூன்று பேக்லாக் வைத்துப் பிறகு முடித்த, அதே கல்லூரியின் நான்காம் வருட அண்ணன் பேசினால் செலவும் மிச்சம், பயனும் அதிகம்.

சுருக்கமாக: பாதை என்னுடையதாக இருக்க வேண்டும், தேறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், கூட ஆள் வேண்டும். "மோட்டிவேஷன் இல்லை" என்று சொல்லும் இடத்தில் இந்த மூன்றில் ஏதோ ஒன்று இல்லை.

## நின்றுவிடும் எண்ணம் எங்கே உட்காருகிறது?

கனடாவில் ராபர்ட் வலரானும் சகாக்களும் 4,500க்கும் அதிகமான பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 1997இல் வெளியானது. அதில் ஒரு சங்கிலி தெரிந்தது. பெற்றோரும் ஆசிரியரும் நடந்துகொள்ளும் விதம் தன்முடிவையும் திறனுணர்வையும் மாற்றுகிறது. அவை உந்துதலின் வகையை மாற்றுகின்றன. அது நின்றுவிடும் எண்ணத்தை உண்டாக்குகிறது. எண்ணம் பிறகு செயலாகிறது. அதாவது நின்றுவிடும் எண்ணம் கடைசிக்கு முந்தின கண்ணி. அதைப் பிடித்து அதட்டினால் பின்னால் இருக்கும் கண்ணிகள் அப்படியேதான் இருக்கும்.

அதனால் "நின்னுடறேன்" என்றால் "ஏன்?" என்று கேட்பதைவிட "எதை?" என்று கேட்பது நல்லது. படிப்பு என்பதையே விட வேண்டுமா? இந்த பிராஞ்ச்சையா? இந்தக் கல்லூரியையா? இந்த ஊரையா? இல்லை, இந்த செமஸ்டரையா? சொல்பவருக்கே இந்தப் பிரிவினை தெளிவாக இருக்காது. மெக்கானிக்கல் வேண்டாம் என்பவரை நோண்டினால், லேப் பிடித்திருக்கும், பிஜி ரூம்தான் நரகமாக இருக்கும். ஊரை விட்டால் போதும் என்று இருப்பவருக்கு அடியில் இரண்டு பேக்லாக் ஒளிந்திருக்கும். சிலர் விஷயத்தில் பதில் நேராகவே வரும்: இந்தப் படிப்பு எனக்கானது இல்லை. அதுவும் ஒரு நேர்மையான பதில். விலகுவது எப்போதும் தோல்வி என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் இரண்டு விஷயங்கள் உந்துதல் கணக்கில் வராது. ஒன்று பணம். கட்டணம் கட்ட முடியாமல் நிற்பவரிடம் உந்துதலைப் பற்றிப் பேசுவது அபத்தம். அவருக்கு ஸ்காலர்ஷிப் விண்ணப்பம்தான் வேண்டும். மற்றொன்று உடல், மனநலம். பாடம் மட்டும் கசந்து, கிரிக்கெட்டும் நண்பர்களும் இன்னும் இனித்தால் அது மேலே பேசிய விஷயம். பிடித்தவை எல்லாமே கசந்து, தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். டாக்டரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த மத்திய அரசுத் திட்டத்துக்கு வழிகாட்டுவதே நம் ஊர் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ்தான். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே பேச வேண்டும், கூட ஒருவர் இருக்க வேண்டும்.

## கட்டின காசு

"ஏற்கெனவே மூணு லட்சம் கட்டியாச்சு, எப்படி விடறது?" இந்தக் கேள்விக்கு உளவியலில் பெயர் உண்டு: மூழ்கிய செலவுப் பிழை. திரும்பி வராத பணத்தை வைத்து அடுத்த முடிவை எடுப்பது. ஹால் ஆர்க்கஸும் கேத்தரின் ப்ளூமரும் 1985இல் இதைச் சோதனைகளில் காட்டினார்கள். அந்த மூன்று லட்சம், படிப்பைத் தொடர்ந்தாலும் போனது, நிறுத்தினாலும் போனது. பார்க்க வேண்டியது இனி ஆகப்போகும் செலவையும் இனி கிடைக்கப்போவதையும்.

எல்லாப் பணமும் மூழ்கியதா என்பதையும் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018இல் ஒரு அளவு வைத்தது. அட்மிஷன் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாட்கள் முன்பே சொன்னால் சிறு நடைமுறைக் கட்டணம் போக முழுப்பணம், அதற்குப் பிறகு படிப்படியாக 90, 80, 50 சதவீதம். கடைசித் தேதி தாண்டி முப்பது நாட்கள் ஆகிவிட்டால் ஒன்றும் கிடையாது என்றது அது. உங்கள் வருடத்துக்கு எந்த அளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் யுஜிசி விதிதான். சில கல்லூரிகள் பிடித்து வைக்கத்தான் செய்கின்றன. எழுத்தில் கேட்டால் தொனி மாறும்.

இருப்பதும் விலகுவதும் மட்டுமே வழி என்று நினைத்துக்கொண்டால் வீட்டில் சண்டை மட்டும்தான் மிஞ்சும். பிராஞ்ச் மாற்றம், கல்லூரி மாற்றம், ஒரு வருட இடைவெளி, தொலைநிலைக் கல்வி என்று நடுவில் நிறைய இருக்கிறது. ஒரு வருடம் முடித்தால் சான்றிதழ், இரண்டு வருடம் முடித்தால் டிப்ளமோ என்று வெளியேறலாம் என 2020 தேசியக் கல்விக் கொள்கையில் படித்துவிட்டு வருபவர்கள் உண்டு. கர்நாடகம் அந்தக் கொள்கையை முதலில் ஏற்றது, பிறகு 2024-25 முதல் மூன்று வருடப் பட்டப்படிப்புக்கே திரும்பிவிட்டது. அதனால் பேப்பரில் படித்ததை நம்பாமல், நீங்கள் சேர்ந்த வருடத்துக்கு எந்த விதி என்பதைப் பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள். ஜெயித்த பாடங்களின் கிரெடிட் வேறு இடத்தில் செல்லுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கல்விக் கடன் இருந்தால் கல்லூரிக்கு முன்பே வங்கிக்குப் போக வேண்டும். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பது வழக்கமான ஏற்பாடு; படிப்பை நிறுத்தினால் அந்தச் சலுகை முன்கூட்டியே முடிந்து தவணை ஆரம்பிக்கலாம். இடைவெளி எடுத்தால் என்ன ஆகும், கல்லூரி மாறினால் கடனும் கூட வருமா என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். இதெல்லாம் கையில் வந்த பிறகு, இன்டர்னல்ஸ் நடக்காத ஒரு வாரமாகப் பார்த்து, அப்பா அம்மாவோடு உட்காரலாம். போனில் வேண்டாம், நேரில்.